சமையல் மேடையில் தோட்டம்: வாங்கலாமா, வேண்டாமா?

வங்கியில் 34 வருஷம் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக்கு மேல் விவசாயக் கடன் பிரிவு. பம்புசெட், கறவை மாடு, சொட்டுநீர் என்று எதைக் கேட்டு யார் வந்தாலும் கடைசியாக நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இது வந்தா உங்களுக்கு எது மிச்சமாகும்? பணமா, தண்ணியா, நேரமா?" பதில் தெளிவாக வந்தால் கடன் பெரும்பாலும் ஒழுங்காகத் திரும்பி வரும். பதிலில் தடுமாற்றம் இருந்தால் கடனிலும் தடுமாற்றம் வரும்.

ஓய்வு பெற்றபின் செங்கம் சாலைப் பக்கம் மூன்று ஏக்கரில் நெல்லும் மல்லாட்டையும் இயற்கை முறையில் செய்து வருகிறேன். குடியிருப்பது திருவண்ணாமலை டவுனில். போன தை மாதம் அதே கேள்வியை என் வீட்டுக்குள்ளேயே கேட்க வேண்டி வந்தது.

என் மனைவிக்கு ஆவணியில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. குந்தக் கூடாது, மேடு பள்ளத்தில் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிணற்றடியில் இருந்த கீரைப் பாத்தி முழுக்க முழுக்க அவர் பொறுப்பு. விதை எடுத்து வைப்பதிலிருந்து, பறித்துக் கட்டிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பது வரை. நிலத்துக்குப் போவது நின்றதும் முகத்தில் களை போய்விட்டது. கனடாவில் டொரொண்டோவில் இருக்கும் மகன் வீடியோவில் பார்த்துவிட்டு ஒரு விளம்பரம் அனுப்பினான். சமையல் மேடையில் வைக்கிற ஹைட்ரோபோனிக் பெட்டி. மண் வேண்டாம், வெயில் வேண்டாம், 12 குழி, மேலே எல்.இ.டி. விளக்கு. விலை 9,000 ரூபாய். "அப்பா, நான் ஆர்டர் போட்டுடறேன். அம்மாவுக்குக் கை பக்கத்துல கீரை இருக்கும்."

பிள்ளை பாசத்தோடு சொல்வதை முகத்தில் அடித்தமாதிரி வேண்டாம் என்று சொல்ல முடியுமா? "ஒண்ணரை மாசம் பொறு, பார்த்துச் சொல்றேன்" என்றேன். நண்பர் ஒருவர் வீட்டில் இதே மாதிரிப் பெட்டி பரண்மேல் சும்மா கிடந்தது. அதை இரவல் வாங்கி வந்தேன். வாங்கியவர்கள் ஏன் பரணில் ஏற்றுகிறார்கள் என்பதே பாதிப் பாடம் என்று அப்போது தெரியவில்லை.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

மண் செடிக்கு நாலு வேலை செய்கிறது. வேரைப் பிடித்துக்கொள்கிறது, தண்ணீரைத் தேக்கி வைக்கிறது, காற்றுக்கு இடம் விடுகிறது, சத்தைக் கொடுக்கிறது. இந்தப் பெட்டியில் ஸ்பாஞ்ச் வேரைப் பிடிக்கிறது. தொட்டியில் நாலைந்து லிட்டர் தண்ணீர். சின்ன பம்பு தண்ணீரைச் சுழற்றிக் காற்றைச் சேர்க்கிறது. சத்து, பாட்டிலில் வரும் உப்புக் கரைசல்: கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட், மெக்னீசியம் சல்பேட் போன்றவை, கொஞ்சம் இரும்பும் மற்ற நுண்சத்துகளும். வெயிலுக்குப் பதில் விளக்கு.

இதில் மந்திரமும் இல்லை, மோசடியும் இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கெரிக்கி 1937-ல் 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயரைப் பிரபலப்படுத்தினார். தொட்டித் தண்ணீரில் அவர் வளர்த்த தக்காளிக் கொடிகளைப் பார்த்து ஊரே வியந்தது. அதே பல்கலைக்கழகத்தின் ஹோக்லண்ட், ஆர்னன் இருவரும் அதைச் சோதித்து 1938-ல் ஒரு கையேடு வெளியிட்டார்கள். வெளிச்சமும் தட்பவெப்பமும் ஒன்றாக இருந்தால், நல்ல மண்ணைவிடத் தண்ணீர் வளர்ப்பில் பெரிதாக மகசூல் கூடுவதில்லை என்பதே அவர்கள் கண்டது. இன்றைக்கும் பல விளம்பரங்கள் முதல்வரின் வியப்பைச் சொல்கின்றன, பின்னவர்களின் கணக்கைச் சொல்வதில்லை. நம் நாட்டுக்கும் இது புதுசு இல்லை. 1940-களில் டார்ஜிலிங் மலைப் பக்கம் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் ஜல்லி, மணல் நிரப்பிய எளிய தொட்டிகளில் செய்து பார்த்து, 'பெங்கால் முறை' என்று புத்தகமே எழுதினார்.

43 நாள் சோதனை

மாசி முதல் வாரத்தில் ஆரம்பித்தேன். லெட்யூஸ் 5 குழி, பாலக் 3, பேசில் 2, கொத்தமல்லி 2. ஒப்பிட்டுப் பார்க்க, காலை வெயில் 11 மணி வரை விழும் கொல்லைப்புறப் படியில் இரண்டு பழைய காய்கறி கிரேட்டை வைத்து, சாக்கு விரித்து, மண் கலவை போட்டு ஒன்றில் சிறுகீரை, இன்னொன்றில் அரைக்கீரை விதைத்தேன்.

முதல் சிக்கல் தண்ணீர். எங்கள் போர் தண்ணீரின் டி.டி.எஸ். 820. இந்தப் பெட்டியில் கீரை வகைக்குச் சத்துக் கரைசலையும் சேர்த்து மொத்தம் 600 முதல் 900-க்குள் இருந்தால் போதும். தண்ணீரிலேயே உப்பு நிரம்பியிருந்தால் சத்துக்கு எங்கே இடம்? ஆள் ஏறாமலே பஸ் நிரம்பிவிட்ட கதை. அதோடு கடின நீரில் காரத்தன்மை ஏறும். கரைசலின் பி.எச். 5.5-லிருந்து 6.5-க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் இரும்புச் சத்து இருந்தும் செடி எடுக்க முடியாது. பாலக் இலையில் நரம்பு பச்சையாகவும் இடையில் மஞ்சளாகவும் வந்ததற்குக் காரணம் அதுதான். தொட்டியைக் காலி செய்து கேன் தண்ணீருக்கு மாறினேன். சரியாயிற்று. ஆனால் சுத்திகரிப்பில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். பெரிய அளவில் சுழற்சி முறையில் செய்யும் ஹைட்ரோபோனிக்ஸ் தண்ணீரை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. மேடைமேல் பெட்டியில் அந்த மிச்சம் ஒரு சொம்பு அளவுக்கும் வராது.

இரண்டாவது சிக்கல் சூடு. பங்குனி பிறந்ததும் நம் மலையடிவாரத்தில் அனல் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மதியம் 2 மணிக்குத் தொட்டித் தண்ணீரில் தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தேன்: 31 டிகிரி. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்து நிற்கும். 30 டிகிரியில் ஏழரைதான். சூட்டில் வேருக்கு மூச்சு அதிகம் வேண்டும், கிடைப்பதோ குறைவு. அந்த நேரம் பார்த்து வேரழுகல் பூஞ்சை உள்ளே வருகிறது. வெள்ளையாக இருந்த வேர் பழுப்பாகி வழவழத்தது. லெட்யூஸ் தண்டு நீட்டிக் கசந்தது. 43-ஆம் நாள் கணக்கை முடித்தேன்.

பெட்டியில் 12 குழியில் 10 முளைத்து, மொத்தம் 610 கிராம் இலை. இரண்டு கிரேட்டில் சிறுகீரை ஒரு முறை பிடுங்கியதும் அரைக்கீரை இரண்டு முறை அறுத்ததும் சேர்த்து 1,180 கிராம். இடம் கிரேட்டுக்குத்தான் அதிகம், அதனால் இதைப் பெட்டியின் தோல்வி என்று சொல்ல மாட்டேன். பெட்டியில் பூச்சி வரவில்லை, இலை சுத்தமாக இருந்தது, முதல் மூன்று வாரம் வளர்ச்சி வேகம். இதையும் சொல்லிவிட வேண்டும்.

கடன் மேசைக் கணக்கு

இனி இதையே ஒரு கடன் விண்ணப்பமாகப் பார்ப்போம். 12 குழியும் முளைத்து, ஒரு போகத்துக்கு 800 கிராம் என்று தாராளமாகவே வைக்கிறேன். கோடையைக் கழித்து வருஷத்துக்கு 7 போகம். 5 கிலோ 600 கிராம்.

பெட்டியின் ஆயுள் 5 வருஷம் என்றால் தேய்மானம் வருஷத்துக்கு 1,800 ரூபாய். 9,000 ரூபாயை டெபாசிட்டில் போட்டிருந்தால் 7 சதவீதத்தில் வந்திருக்கும் வட்டி 630. விளக்கு 24 வாட், நாளுக்கு 16 மணி நேரம். பம்பையும் சேர்த்தால் தினம் சுமார் 0.4 யூனிட், வருஷத்துக்கு 146 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் சுமார் 880. ஸ்பாஞ்ச், விதை, கரைசல் மூன்றையும் நாமே தனித்தனியாக வாங்கிச் செய்தால் போகத்துக்கு 200 ரூபாய், வருஷத்துக்கு 1,400.

மொத்தம் 4,710 ரூபாய். கிலோவுக்கு ஏறக்குறைய 840 ரூபாய்.

கம்பெனியே விற்கும் விதைக் குப்பி செட்டைத்தான் போட வேண்டும் என்று இருந்து, அது 900 ரூபாய் என்றால், அந்த 1,400 என்பது 6,300 ஆகிவிடும். அப்போது கிலோ 1,700-ஐத் தாண்டும். பெட்டி விலையைவிட இந்தக் குப்பி விலைதான் முக்கியம். கறவை மாட்டுக் கடனில் மாட்டு விலையை மட்டும் பார்த்துத் தீவனச் செலவை விட்டவர்கள் எத்தனை பேர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கண் கலங்கியிருக்கிறார்கள்!

நம் ஊர் உழவர் சந்தையில் கால் கிலோ தேறும் கீரைக்கட்டு 15 ரூபாய் என்றால் கிலோ 60. கீரைக்காக இந்தப் பெட்டி என்றால் கணக்கு நிற்காது. சென்னை மாதிரி ஊரில் சின்னப் பாக்கெட்டில் விற்கும் பேசில், தைம் போன்ற வாசனைத் தழைகளை அடிக்கடி வாங்குபவர் வீட்டில் மட்டும் கணக்கு ஓரளவு பக்கத்தில் வரலாம். தக்காளி, மிளகாய் காய்க்கும் என்று பெட்டிமேல் படம் போட்டிருப்பார்கள். காய்ப்பதற்கு இலையைவிட மிக அதிக வெளிச்சம் வேண்டும். ஒரு சதுர அடி இடத்தில் உச்சி வெயில் சுமார் 90 வாட் அளவுக்குக் கொட்டுகிறது. மீட்டர் ஓடாமல்! 24 வாட் விளக்கிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்த வகைப் பெட்டிகளில் உலகம் அறிந்த பெயர் அமெரிக்காவின் ஏரோகார்டன். 2006-ல் சந்தைக்கு வந்தது. 2025 ஜனவரி 1 முதல் தொழிலை நிறுத்துவதாக 2024-ல் அறிவித்தார்கள். அந்தச் சமயம் வாங்கி வைத்திருந்தவர்களுக்கு ஒரே கவலை: இனி குப்பிக்கு எங்கே போவது, போனில் இயங்கும் ஆப் என்ன ஆகும்? விதையும் உணவும் இன்னொருவர் கடையில் இருக்கும்வரை சாவியும் அவர் கையில்தான். நாட்டு விதையைக் காப்பாற்றி வரும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பஞ்சகவ்யத்தை ஊற்றினால் இயற்கைப் பெட்டி ஆகுமா?

இளைஞர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான். பெட்டியைக் கெடுக்காமல் தனி பாட்டிலில் மூன்று நாற்றை வைத்து, நூற்றுக்கு மூன்று பங்கு பஞ்சகவ்யம் கலந்து பார்த்தேன். மூன்றாம் நாள் நாற்றம், ஐந்தாம் நாள் வேர் கறுத்துவிட்டது.

தப்பு பஞ்சகவ்யத்தில் இல்லை, இடத்தில். சாணத்திலும் பிண்ணாக்கிலும் இருக்கும் தழைச்சத்து கூட்டுப் பொருளாக இருக்கிறது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதைப் படிப்படியாக உடைத்து, அம்மோனியமாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிய பிறகே வேர் எடுத்துக்கொள்கிறது. மண் துகளில் அவற்றுக்குக் குடியிருக்க இடமும் காற்றும் உண்டு. வெறும் தண்ணீரில் இரண்டும் இல்லை. உடைக்கும் வேலையில் தண்ணீரில் இருந்த ஆக்சிஜனையும் அவை தின்றுவிட, வேர் மூச்சு முட்டிச் சாகிறது. பெட்டியாக இருந்தால் பம்பும் அடைத்துக்கொள்ளும். மீன் கழிவில் செடி வளர்க்கும் அக்குவாபோனிக்ஸ் முறையில், நுண்ணுயிர் குடியிருக்க ஜல்லிப் படுகை தனியாக வைப்பதும் இதனால்தான்.

ஆகவே பெட்டியில் விளைவதை 'பூச்சிமருந்து அடிக்காதது' என்று சொல்லலாம், 'இயற்கை விளைபொருள்' என்று சொல்லக் கூடாது. நம் நாட்டு இயற்கைச் சான்றிதழ் விதிகளில் செயற்கை உப்பு உரத்துக்கு இடமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் ஹைட்ரோபோனிக் விளைச்சலை ஆர்கானிக் என்று ஏற்பதில்லை. அமெரிக்காவில் அனுமதி உண்டு, ஆனால் அங்குள்ள மண் விவசாயிகள் அதை எதிர்த்துப் பல வருஷமாகப் போராடுகிறார்கள். நம்மிடம் நம்பி வாங்குகிறவருக்கு இந்த வித்தியாசத்தை நாமே எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த நம்பிக்கைதான் நம்முடைய மூலதனம்.

பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: வெளிச்சம் குறைவாகவும் நைட்ரேட் தாராளமாகவும் இருந்தால் இலையில் நைட்ரேட் தேங்கும். பறிப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு கரைசலை மாற்றி வெறும் தண்ணீரில் ஓடவிடுங்கள், குறையும்.

கையில் மண் படாத தோட்டம்

எண்கள் இவ்வளவு சொல்லியும் எனக்கு முடிவு எடுக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால், மனைவி சிரித்தமுகமாக இருப்பார் என்றால் கிலோ 840 என்ன, இரண்டாயிரம் ஆனாலும் வாங்கிவிடுவேன். வங்கியிலும் எல்லாக் கடனும் லாபத்துக்காகக் கொடுப்பதில்லையே. அதனால் கணக்கு நோட்டை மூடிவிட்டு அவரையே கேட்டேன்.

"அழகாத்தாங்க இருக்கு. ஆனா இதுல நான் செய்ய என்ன இருக்கு? வாரத்துக்கு ஒரு நாள் தண்ணி ஊத்தணும், பாட்டில்ல மூடி அளவு மருந்து ஊத்தணும். களை இல்ல, கொத்த மண்ணு இல்ல. ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளக்கு கண்ணக் குத்துது. அந்தப் படியில வச்சீங்களே ரெண்டு கிரேட்டு, அதைக் கொஞ்சம் ஒசரமா வச்சுக் குடுங்களேன். நாற்காலி போட்டு உக்காந்துக்கறேன்."

ஒன்றரை மாதம் நான் வாட்டும் கிராமும் அளந்துகொண்டிருந்தேன். அவர் பறிகொடுத்தது கீரையை இல்லை, வேலையை. அது எனக்கு விளங்க இவ்வளவு நாள் ஆயிற்று.

மறுவாரமே கொத்தனாரைக் கூப்பிட்டு, கொல்லைப்புறத்தில் செங்கல் வைத்து ஒன்றரை அடி உயரத்தில் கடப்பைக் கல் போட்டோம். அதன்மேல் நாலு கிரேட். மண் மேல்மட்டம் தரையிலிருந்து இரண்டரை அடி. நாற்காலியில் உட்கார்ந்தால் கை சரியாக எட்டும். கூலியோடு 2,800 ரூபாய். நிலத்து மண் 2 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு, நன்றாக அலசிய தென்னை நார்க்கழிவு 1 பங்கு, கிரேட்டுக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. நார்க்கழிவை அலசாமல் போட்டால் உப்பு தங்கிவிடும். நனைந்த கிரேட் கனக்கும், ஆகவே மர ஸ்டூல்மேல் வைக்க வேண்டாம். கோடை மதிய வெயிலுக்கு மேலே ஒரு பழைய புடவை. அதே பஞ்சகவ்யம் இங்கே போனது, கீரை கரும்பச்சையாக வந்தது.

மகனுக்குப் போன் போட்டேன். "ஆர்டர் போடு, ஆனா உன் வீட்டுக்குப் போட்டுக்கோ" என்றேன். டொரொண்டோவில் டிசம்பரில் சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். வெளியே பனி. அவன் இருப்பது பால்கனி இல்லாத வாடகை வீடு. குழாய்த் தண்ணீர் நம்முடையதைப் போல உப்பாக இல்லை, வீட்டுக்குள் 21, 22 டிகிரி. இங்கே வெயிலும் மண்ணும் வாசலில் இலவசமாகக் கிடக்கும்போது, அவற்றையே பெட்டிக்குள் விலை கொடுத்து வாங்குகிறோம். அங்கே ஆறு மாசத்துக்கு இரண்டும் கிடையாது. அதே பெட்டி அவனுக்குப் பொருந்தும். எந்தக் கருவிக்கும் இதுதான் உரைகல்: அது கொடுப்பது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதா, இல்லையா?

வாங்குமுன் கேட்க வேண்டியவை

ஒன்று: வீட்டில் ஏதாவது ஒரு இடத்தில் நாளுக்கு நாலு மணி நேர வெயில் விழுகிறதா? விழுந்தால் தொட்டியும் மண்ணும் போதும். தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தளைகள் மானியத்தில் கிடைக்கின்றனவா என்று முதலில் விசாரியுங்கள்.

இரண்டு: உங்கள் தண்ணீரின் டி.டி.எஸ். எவ்வளவு? 300-க்கு மேல் என்றால் ஒவ்வொரு முறையும் வேறு தண்ணீர் தேட வேண்டிவரும்.

மூன்று: கோடையில் அந்த அறை 30 டிகிரிக்குக் கீழே நிற்குமா?

நான்கு: சொந்த விதையும் சாதாரண ஸ்பாஞ்சும் போட இடம் தருகிறதா, கம்பெனி குப்பி மட்டும்தானா? இரண்டாவது என்றால் வேண்டாம்.

ஐந்து: மூன்று வருஷம் கழித்துப் பம்பும் விளக்கும் தனியாகக் கிடைக்குமா?

ஆறு: யாருக்காக வாங்குகிறீர்கள்? அவரைக் கேட்டீர்களா?

ஆறாவதை நான் கடைசியில் கேட்டேன். நீங்கள் முதலில் கேளுங்கள். இரவல் பெட்டியைத் துடைத்து நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கூடவே என் மனைவி ஒரு கட்டு அரைக்கீரையும் கொடுத்தனுப்பினார். வேரோடு பிடுங்காமல் கிள்ளிக் கட்டியது. மறுபடி துளிர்க்க வேண்டுமே.